214ஆம் அறையின் சப்பாத்துகள்

பனிச்சறுக்கு வீரர்களைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன தகுதி என்று மகள் கேட்டாள். ஒன்றும் இல்லை. வழுக்கி விழுவதில் எனக்கு இருக்கும் ஒரே அனுபவம், கரவெட்டியில் மாரிக்காலத்துக் கிணற்றடிப் பாசியில் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டதுதான். ஆனால் பதினைந்து குளிர்காலங்களாக ஒரு சுவிஸ் ஹோட்டலில் இவர்களுடைய படுக்கைகளை விரிக்கிறேன், ஈரக் கையுறைகளைப் பொறுக்கி வைக்கிறேன். யார் யாரோடு கோபம், யார் யாரோடு சிநேகம் என்பது பயிற்சியாளருக்குத் தெரிவதற்கு முன்பே அறை துடைக்கிறவளுக்குத் தெரிந்துவிடும்.

2010 கார்த்திகையில் இவரிடம், என் கணவரிடம், வந்து சேர்ந்தேன். இவர் தொண்ணூறுகளில் வந்தவர். அந்தக் காலத்தில் சுவிஸுக்கு வந்த எங்கள் ஆட்கள் பலரைப் போல ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, சலாட் வெட்டி, கடைசியில் அடுப்படிக்கு உயர்ந்தவர். கூர் நகரிலிருந்து மஞ்சள் தபால் பஸ்ஸில் ஏறி இந்த மலையூர் லாக்ஸுக்கு வந்தபோது இருட்டிவிட்டிருந்தது. வெள்ளையாக ஏதோ சுவர் போல நிற்கிறதே என்றேன். "சுவர் இல்லை, மலை" என்றார். அடுத்த நாள் காலை யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினேன். இங்கே இருக்கப் போவது ஒரு வருடம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

ஜெர்மன் கற்றுக்கொள்வதற்கு முன்பே எனக்குப் போர்த்துக்கேய மொழி வந்துவிட்டது. எங்கள் மாடியில் வேலை செய்தவர்கள் எல்லோரும் போர்த்துக்கல் பெண்கள். ஊர்க்காரர்களோ ஜெர்மனும் பேசுவார்கள், தங்களுக்குள் ரொமான்ஷும் பேசுவார்கள். மேலே கேபிள் கார் போய் நிற்கும் இடத்தின் பெயர் க்ராப் சோங் ஜோன். ஆங்கிலம் தெரிந்த விருந்தினர்கள் அந்தப் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்று சிரித்துச் சிரித்துப் படம் எடுப்பார்கள், ஆங்கிலத்தில் 'க்ராப்' ஒரு கெட்ட சொல். ரொமான்ஷில் 'க்ராப்' என்றால் பாறை, அவ்வளவுதான். 1938 இல் வாக்கெடுப்பு நடத்தி அந்தச் சின்ன மொழியை நாட்டின் நான்காவது தேசிய மொழியாக்கினார்கள். அதைக் கேட்ட நாளில் இந்த ஊர் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. நன்றி சொல்ல 'எங்கிராட்சியல்' என்ற சொல்லை முதலில் பழகினேன்.

லாக்ஸ் என்றால் ஃப்ரீஸ்டைல். மற்ற ஊர்களில் மலையிலிருந்து யார் வேகமாக இறங்குவது என்று போட்டி. இங்கே, இறங்கும் வழியில் யார் அதிகம் சேட்டை செய்வது என்று போட்டி. இது என் வர்ணனை, மகளுக்குப் பிடிக்காது. ஸ்லோப்ஸ்டைல் பாதையில் முதலில் இரும்புக் கம்பிகள், பிறகு பனியால் கட்டிய பெரிய மேடைகள். கம்பியில் குறுக்காக வழுக்க வேண்டும், மேடையிலிருந்து பாய்ந்து சுழல வேண்டும், நடுவானில் சறுக்குப் பலகையைக் கையால் பிடிக்க வேண்டும். 900 என்றால் இரண்டரைச் சுற்று, 1080 என்றால் மூன்று, 1440 என்றால் நான்கு. நடுவர்கள் நூற்றுக்குப் புள்ளி போடுவார்கள். இருநூறு மீற்றர் நீளத்தில், ஏழு மீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த உயரத்தில் பனிச் சுவர் எழுப்பிய ஒரு அரைக்குழாயும் மேலே இருக்கிறது. நான் வந்த அதே வருடம் கீழே ஃப்ரீஸ்டைல் அகடமி என்ற மண்டபம் திறந்தார்கள். பஞ்சுக் குழிக்குள் பாய்ந்து பழகும் இடம். என் மகள் அதற்குள்தான் வளர்ந்தாள் என்று சொல்லலாம்.

நான் முதன்முதலில் முழுதாகப் பார்த்த போட்டி 2018 ஒலிம்பிக்கின் பெண்கள் ஸ்லோப்ஸ்டைல். கொரியாவில் பகல், எங்களுக்கு விடியற்காலை. காலைச் சாப்பாட்டு மேசைகளை விரித்துவிட்டுப் பணியாளர் அறையில் தொலைக்காட்சி முன் நின்றோம். மத்தில்ட் கிரெமோ 88.00 புள்ளிகள். அவரை இனி யாரும் பிடிக்க முடியாது என்று எங்கள் குசினித் தலைவர் சொல்லி வாய் மூடவில்லை, சாரா ஹொஃப்லின் கடைசி ஓட்டத்தில் 91.20 எடுத்துவிட்டார். இரண்டு பேரும் சுவிஸ். ஒரே அணி. ஒருத்தி மற்றவளின் தங்கத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள், அவளோ சிரித்தபடி ஓடி வந்து கட்டிப்பிடிக்கிறாள். இது நடிப்பு என்று நான் உறுதியாக நம்பினேன். நான்கு வருடம் கழித்து பெய்ஜிங்கில் கிரெமோ 86.56 எடுத்து, சீனாவின் ஐலீன் கூவை 0.33 புள்ளியால் தோற்கடித்துத் தங்கம் வாங்கியபோது, அந்தச் சிரிப்பில் நடிப்பு இல்லை என்பது தெரிந்தது. அப்படியானால் முதலாவது சிரிப்பு? அந்தக் கேள்வி எனக்குள் கிடந்தது. 214ஆம் அறைக்கு வந்த இரண்டு பெண்கள்தான் அதை மறுபடியும் கிளறினார்கள்.

போன குளிர்காலம். ஆட்களை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சிலதை மாற்றிச் சொல்கிறேன். மூத்தவளுக்கு இருபத்திரண்டு இருக்கும், ஜெர்மன் பக்கத்துப் பிள்ளை. இளையவளுக்குப் பத்தொன்பது, பிரெஞ்சுப் பக்கம். ஒரே நாட்டு அணி, ஆனால் தங்களுக்குள் ஆங்கிலத்தில் கதைப்பார்கள். சுவிஸ் பிள்ளைகள் இப்படித்தான். எனக்கு அது வசதி. ஹாட்லிக் கல்லூரியில் அண்ணாவும் மெதடிஸ்ட் பள்ளியில் நானும் படித்த ஆங்கிலம் கடைசியில் இந்த நடைபாதையில் ஒட்டுக்கேட்கத்தான் உதவியது. ஒலிம்பிக்குக்கு ஒரு பிரிவில் ஒரு நாட்டிலிருந்து நான்கு பேருக்கு மேல் போக முடியாது. மேலே இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். கீழே மிஞ்சுகிற இடத்துக்குத்தான் இவர்களைப் போன்றவர்களின் இழுபறி. இருவரையும் ஒரே அறையில் போட்டிருந்தார்கள்.

அவர்களுக்கு நடுவில் ஒரு நோர்வேப் பையன். ஒஸ்லோவில் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த தமிழ்ப் பிள்ளையிடம் பழகிய ஒரு 'வணக்கம்' அவனிடம் இருந்தது. என்னைக் காணும்போதெல்லாம் அதை எடுத்து வீசுவான். முந்திய வருடம் அவன் மூத்தவளின் காதலன். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவனுடைய சாம்பல் நிறத் தொப்பியை அவளுடைய தலையணைக்கு அடியிலிருந்து நான்தான் எடுத்தேன். இந்த வருடம் அதே தொப்பி யன்னல் பக்கக் கட்டிலில், இளையவளுடைய கட்டிலில் கிடந்தது.

எனக்கு அன்று வேலை ஓடவில்லை. இரண்டு கட்டிலுக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி. எங்கள் ஊரில் என்றால் இரண்டு குடும்பமும் மூன்று தலைமுறைக்குக் கோயிலில் வேறு வேறு வாசலால் போயிருக்கும். இவர்கள் காலையில் ஒருத்தி பல் துலக்க, மற்றவள் பக்கத்தில் நின்று தலை பின்னுகிறாள்.

ஒருநாள் விடியமுன் ஐந்தரை மணிக்குக் கீழே ஸ்கி அறைக்குத் துடைக்கப் போனேன். அங்கே சுவரோடு வரிசையாகச் சூடான குழாய்கள் இருக்கும். அவற்றில் சப்பாத்துகளைக் கவிழ்த்து வைத்தால் இரவோடு இரவாகக் காய்ந்துவிடும். மணம் பற்றிச் சொல்லப் போவதில்லை. விளக்குப் போடாமல் அந்தப் பையனும் இளையவளும் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மடியில் அவளுடைய சறுக்குப் பலகை. இவர்களுடைய பலகைக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி வளைந்திருக்கும், பின்பக்கமாகவும் சறுக்குவதற்காக. கால் நிற்கும் இடத்தில் அதன் இரும்பு விளிம்பை அவன் அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் விளிம்பைக் கூராக்குவார்கள், இவர்கள் மழுக்குவார்கள். கூராக இருந்தால் கம்பியில் மாட்டிக் குப்புற விழுத்திவிடும். அவள் தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்திருந்தாள். தரை குளிர் என்பதால் காலுறை போட்ட பாதங்கள் இரண்டையும் அவனுடைய சப்பாத்தின் மேல் வைத்திருந்தாள். ஒரு வார்த்தை பேச்சில்லை. அரத்தின் சத்தம் மட்டும். நான் வாளியோடு அப்படியே திரும்பிப் படியேறினேன்.

இவர் எனக்கு ஒருநாளும் பூ வாங்கித் தந்தவரில்லை. ஆனால் அந்த முதல் குளிர்காலம் முழுக்க, நான் தூங்கிய பிறகு, என் ஈரச் சப்பாத்துக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தார். அதைப் பற்றி அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

சண்டை கடைசியில் வந்தது. நான் எதிர்பார்த்த சண்டைதான், ஆனால் காரணம் வேறு. போட்டிக்கு மூன்று நாள் முன்பு 214இன் கதவு திறந்தே கிடந்தது, நான் எதிர் அறையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். மூத்தவளின் குரல்: "அவனை வைத்துக்கொள். எனக்கு ஒன்றுமில்லை. அந்தக் கம்பிச் சுற்று என்னுடையது."

மகளிடம் கேட்டுத்தான் விஷயம் விளங்கியது. பின்பக்கமாகச் சறுக்கி வந்து கம்பியில் ஏறி, இறங்கும்போது ஒன்றேகால் சுற்றுச் சுற்றி, அதையும் வழக்கமில்லாத பக்கம் சுற்றுவது. மூத்தவள் கோடை முழுக்க அதை ஒளித்துப் பழகியிருக்கிறாள். இளையவள் இரண்டு தடவை பார்த்துவிட்டு, முந்தின நாள் பயிற்சியில் எல்லோர் முன்னும் செய்து காட்டிவிட்டாள். "அதற்கு யாரிடமும் காப்புரிமை இல்லையே அம்மா" என்றாள் மகள்.

இல்லைதான். ஆனால் எனக்கு மூத்தவளின் வயிற்றெரிச்சல் உடனே விளங்கிவிட்டது. நான் ரோல்ஸ் போடுகிறவள். கூர், இலான்ஸ் பக்கத்தில் பிறந்தநாள், சாமத்தியவீடு என்றால் ஆட்டிறைச்சி ரோல்ஸ் என்னிடம்தான் சொல்வார்கள். ஹோட்டலில் காலைச் சாப்பாட்டில் மிஞ்சுகிற கறுத்தப் பாணை மூன்று நாள் காயவைத்து, உரலில் இடித்து, அந்தத் தூளில் புரட்டித்தான் பொரிப்பேன். கடைத் தூள் போட்டால் அந்த மொறுமொறுப்பு வராது. என்னோடு இரண்டு வருடம் சமையலுக்கு உதவிய அக்கா ஒருவர் 2019 இல் தனியாகத் தொடங்கினார், அதே கறுத்தப் பாண் தூளோடு. கேட்டால், "தங்கச்சி, பாண் என்ன உன்ரை வீட்டுச் சொத்தா?" என்று சிரித்தாராம். அன்றிலிருந்து பேச்சில்லை. இவருடைய சம்பளத்தை யாராவது கடன் கேட்டிருந்தாலும் மன்னித்திருப்பேன்.

போட்டிக்கு முந்தின நாள் மூத்தவள் அதே கம்பியில் விழுந்தாள். முழங்கால். பக்கத்து ஊர் ஃபிலிம்ஸில் வளர்ந்த ஆண்ட்ரி ராகெட்லி 2021 இல் உலகப் பட்டம் வென்ற கையோடு முழங்கால் நாரை அறுத்துக்கொண்டு, அடுத்த தை மாதமே எக்ஸ் கேம்ஸ் போட்டியில் தங்கம் வாங்கிய கதையை ஊரில் எல்லோரும் அவளுக்குச் சொன்னார்கள். தேநீர் கொண்டுபோன நானும் சொன்னேன். "அவர் பெய்ஜிங்கில் நான்காவதாக வந்தார்" என்றாள் சுருக்கமாக. நான் கோப்பையை வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் மூடுபனி. வெள்ளைக்குள் வெள்ளை தெரியாது என்பதால் இறங்கும் சரிவில் நீலச் சாயத்தால் கோடு போட்டிருந்தார்கள். எனக்கு மத்தியானத்துக்குப் பிறகு விடுமுறை, மகள் இழுத்துக்கொண்டு போனாள். மூத்தவள் ஊன்றுகோலோடு வேலியோரம் நின்றாள், பக்கத்தில் நோர்வேப் பையன். இரண்டு ஓட்டத்தில் நல்லது எதுவோ அது கணக்கு. இளையவள் முதலாவதில் அந்தச் சுற்றைத் தொடவில்லை. சாதாரணமாக இறங்கினாள், புள்ளியும் சாதாரணம். இரண்டாவதுக்கு முன் மூத்தவள் பையனிடமிருந்து தொலைபேசியைப் பறித்து ஏதோ எழுதி மேலே அனுப்பினாள். என்ன எழுதினாள் என்பது எனக்குத் தெரியாது. பையன் எட்டிப் பார்த்தான், தோளால் மறைத்துக்கொண்டாள்.

மூடுபனிக்குள்ளிருந்து ஒரு ஆரஞ்சுச் சட்டை வந்தது. பின்பக்கமாக. கம்பியில் ஏறிய சத்தம், கத்தியைக் கல்லில் இழுப்பது போல. பிறகு அந்தச் சுற்று. கால் இரண்டும் ஒன்றாக இறங்கின. பையன் கத்தினான், மகள் கத்தினாள், நானும் கத்தினேன். மூத்தவள் கத்தவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தோளை முந்தித் திறக்கிறாள்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, ஏதோ நான் நடுவர் போல, "என்னுடையது இதைவிட நன்றாக இருக்கும்" என்றாள்.

இளையவள் மூன்றாவதாக வந்தாள். மூத்தவளைச் சத்திரசிகிச்சைக்குக் கூட்டிப் போனார்கள். நோர்வேப் பையனுடைய அணி அடுத்த வாரம் வேறு மலைக்குப் போய்விட்டது, தொப்பி மட்டும் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அதை எந்தக் கட்டிலுக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. மூத்தவளின் சப்பாத்து நான்கு நாளாகக் குழாயில் இருந்தது. இடத்துக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள், எடுத்துப் பெட்டியில் வைக்கட்டுமா என்று இளையவளிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தன்னுடையதை எடுத்துக் குளிர்ந்த தரையில் வைத்தாள்.

சித்திரையில் கூரில் ஒரு சாமத்தியவீடு. ரோல்ஸ் அந்த அக்காவுடையது. எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஒன்றை எடுத்துக் கடித்தேன். தூள் சரியாக ஒட்டியிருந்தது. எண்ணெய்ச் சூடு போதவில்லை, உள்ளே மிளகும் கூட. இவரிடம் சொன்னேன்.

"என்னிடம் ஏன் சொல்கிறாய், அவரிடமே போய்ச் சொல்" என்றார்.

மண்டபத்தின் மற்ற மூலையில் அவர் பெரிய தட்டோடு நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போகவில்லை. இன்னொன்று எடுத்துக்கொண்டேன்.