எபனேசர் தேவாலயம், ஹாக்ஸ்பரி ஆற்றங்கரை

ஆஸ்திரேலியாவில் இன்றும் நிற்கும் தேவாலயங்களில் இதுவே மூத்தது: 1809. கட்டியவர்கள் 1802இல் 'கோரமண்டல்' கப்பலில் வந்திறங்கிய பிரெஸ்பிடீரியன் (ஒரு புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவு) குடும்பங்கள். கப்பலின் பெயர் நம் சோழமண்டலக் கரைதான்! வார நாளில் இதுவே பள்ளிக்கூடமாகவும் இருந்தது. 1977 முதல் யூனைட்டிங் சபை என்ற ஆஸ்திரேலியப் புராட்டஸ்டண்ட் சபையிடம்.

இம்மாதிரிப் பழைய மணற்கல் சுவரில், கற்களுக்கு இடையிலான இணைப்பில் சிமெண்டைப் பூசாதீர்கள். இணைப்பு கெட்டியாகிவிட்டால் ஈரம் கல் வழியாகவே வெளியேறும். உப்பு கல்லுக்குள் படிந்து, முகப்பு செதில் செதிலாக உதிரும். விரலால் தடவினாலே மணல் கொட்டும். பழைய சாந்தைக் கையுளியால் 25 மி.மீ. ஆழம் சுரண்டி, நனைத்து, 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் கலந்து அழுத்துங்கள். பிறகு சில நாள் ஈரச்சாக்கால் மூடிவைப்பது கட்டாயம். அவசரமாகக் காய்ந்தால் வெடித்துவிடும். சாந்து கல்லைவிட மென்மையாக இருக்கவேண்டும். தேய்வது சாந்தாகட்டும், கல் பிழைக்கட்டும்.