கிலோ குறையவில்லை, ஆனாலும் முன்னேற்றம்தான்

மகனுக்கு அப்போது 10 வயது. "எத்தனை கிலோ குறைக்கணும் டாக்டர்?" என்று கேட்டேன். "ஒரு கிலோகூட வேண்டாம். ஏறாம பாத்துக்கிட்டாலே போதும்" என்றார் குழந்தை மருத்துவர்.

பெரியவர்களுக்கு உள்ளதுபோல் பிள்ளைகளுக்கு ஒரே பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) அளவு கிடையாதாம். அதே வயதுப் பையன்களோடு ஒப்பிட்டு வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்தார். 85-ஆவது சதமானம், அதாவது நூறு பையன்களில் 85 பேரைவிடக் கூடுதல் பிஎம்ஐ, முதல் அதிக எடை. 95-ஐத் தொட்டால் உடல் பருமன். இவன் 95-க்குச் சற்று மேலே இருந்தான். உயரம் கூடி எடை நின்றால் புள்ளி தானே கீழே வரும். அவசர டயட் வளர்ச்சியைக் கெடுக்கும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கழுத்தின் பின்புறம் கருத்துத் தடித்திருந்தது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனை எழுதினார். சர்க்கரை சரியாகவே இருந்தது. கல்லீரல் பாதிப்பைக் காட்டக்கூடிய கல்லீரல் நொதி மட்டும் சற்றுக் கூடுதல்.

அவனுக்கென்று தனிச் சாப்பாடு கூடாது, மாற்றம் வீட்டுக்கே என்பது நிபந்தனை. குளிர்பானமும் பாக்கெட் ஜூஸும் வாங்குவதை நிறுத்தினோம். பையனைவிட என் கணவர்தான் அதிகம் முனகினார்! தூக்கத்துக்கும் கணக்கு உண்டு: இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரம். தூக்கம் குறைந்தால் பசி கூடுமாம். இரவில் எல்லோருடைய போனும் கூடத்திலேயே கிடந்தன. உடற்பயிற்சியைவிட இதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது என்பது என் கணிப்பு. தினம் 60 நிமிடம் ஓட்டமோ விளையாட்டோ வேண்டும் என்பதற்கு அவன் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தான்.

கஷ்டமானது உறவினர்களின் வாய். "குண்டு" என்று கூப்பிடுவது அவர்களுக்குச் செல்லம். கேலிக்கு ஆளாகும் பிள்ளைகள் ஒளித்துச் சாப்பிடுவதும், எடை மேலும் கூடுவதும் உண்டு என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். மாமியாரிடம், "அத்தை, இனிமே பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்றேன். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு மற்றவர்களை அவரே அதட்ட ஆரம்பித்தார்.

எடை பார்க்கும் கருவியை வீட்டிலிருந்து எடுத்துவிட்டோம். எடை பார்ப்பது கிளினிக்கில் மட்டும். ஓராண்டில் எடை கொஞ்சம் ஏறியது, உயரம் அதைவிட நன்றாக ஏறியது. புள்ளி 95-க்குக் கீழே வந்திருக்கிறது, 85-ஐ இன்னும் எட்டவில்லை. கல்லீரல் நொதி சரியாகிவிட்டது. கழுத்துக் கருமை முழுதாகப் போகவில்லை; அதற்கு நாளாகும் என்கிறார் மருத்துவர். அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து.