சீருடை இல்லாத நாட்டின் பள்ளிப் படங்கள்

1940, 50களில் சுவிட்சர்லாந்தில் எடுத்த வகுப்புப் படங்களைப் பார்த்தால், அங்கே பள்ளிச் சீருடை கட்டாயம் போலிருக்கிறது என்றுதான் தோன்றும். பெண் பிள்ளைகள் கவுனுக்கு மேல் ஏப்ரன், பையன்கள் அரைக்கால் சட்டை, எல்லார் காலிலும் தடித்த கம்பளி ஸ்டாக்கிங். ஆனால் அரசுப் பள்ளிகளில் சீருடை என்று ஒன்று கிடையவே கிடையாது.

ஏப்ரன் அழகுக்காகப் போட்டது இல்லை. பல வீடுகளில் வாஷிங் மெஷின் வருவதற்கு முந்தைய காலம் அது, துணி துவைப்பது என்றால் தண்ணீர் காய்ச்சி நாள் முழுக்க இடுப்பொடிய வேலை, அதனால் கவுனை அழுக்காகாமல் வைத்துக்கொண்டு ஏப்ரனை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். நல்ல உடை ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு. இத்தாலிய மொழி பேசும் டிச்சினோவில் பையன்களும் ஏப்ரன் போட்டார்கள், பெரும்பாலும் கறுப்பு, வெள்ளைக் காலர் வைத்தது. சீருடை என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

அப்புறம் அந்த ஸ்டாக்கிங். தொடை வரை வரும், கையால் பின்னியது, தாங்க முடியாத அரிப்பு. அது நழுவாமல் இருக்க ஒரு சின்ன உள்சட்டை, ஜெர்மன் பேசும் பகுதியில் அதற்கு க்ஷ்டெல்ட்லி என்று பெயர். அதிலிருந்து தொங்கும் எலாஸ்டிக் பட்டியில் ஸ்டாக்கிங்கை மாட்டிக்கொள்ள வேண்டும். சின்னப் பையன்களுக்கும் இதேதான். குனிந்தால் அரைக்கால் சட்டைக்குக் கீழே பட்டி தெரியும், அந்த வெட்கத்தை வயதான பிறகும் பலர் மறக்கவில்லை. பனியில் நடந்து வரும் பையனுக்கு முழுக்கால் சட்டை தைத்துக் கொடுத்தால் என்னவாம்? அது பெரிய பையன்களுக்கு உரியது, அவ்வளவுதான் பதில்!

பெண்களுக்கு இன்னும் மோசம். பல பள்ளிகளில் 1960களிலும் பெண் பிள்ளைகள் பேன்ட் போட்டு வரக் கூடாது. கடும் குளிர் என்றால் போனால் போகட்டும் என்று சில இடங்களில் விட்டார்கள், அதுவும் மேலே பாவாடை இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேன்ட்டில் பனிச்சறுக்கப் போகிற அதே பெண், திங்கட்கிழமை அதே பனியில் பாவாடையோடு நடக்க வேண்டும். எனக்கு இது கடைசி வரை புரியாத கணக்கு. இதற்கு நடுவில் கைவேலை வகுப்பில் ஸ்டாக்கிங் பின்னவும் கிழிசல் தைக்கவும் கற்றுக்கொண்டதும் அவர்கள்தான்.

போர்க்காலத்தில் துணிக்கும் காலணிக்கும் ரேஷன். நாடு போரில் இறங்கவில்லை, ஆனாலும் 1948 வரை ஏதாவது ஒன்று ரேஷனில்தான் இருந்தது. அப்பாவின் பழைய கோட்டைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி மகனுக்குத் தைப்பார்கள், அவனுக்குச் சின்னதானால் தம்பிக்கு. கிராமத்தில் கோடை முழுக்க வெறுங்கால், குளிர்காலத்தில் ஆணி அடித்த பூட்ஸ் அல்லது மர அடி வைத்த செருப்பு. பண்ணை வேலைக்காக, பெரும்பாலும் அதிகாரிகளாலேயே, வேறு குடும்பங்களில் விடப்பட்ட பிள்ளைகள் நிலைமை தனி. அளவு பொருந்தாத பழைய துணிதான் அவர்களில் பலருக்கு, வகுப்பில் எல்லாருக்கும் அது தெரியும். அவர்களுக்கு நடந்ததற்கெல்லாம் சேர்த்து அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல்.

சீருடை இருந்தால் இந்த வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்குமோ என்று கேட்கலாம். 2006இல் பாசல் நகரில் ஒரு பள்ளி அதைப் பரிசோதித்துப் பார்த்தது. தொடரவில்லை.