நான் இட்ட 4

“சேர், இது கருவியின்ர பிழை இல்லை, வங்காள விரிகுடாத் தண்ணிதான் வந்திருக்கு” என்று என்னோடு வேலை செய்பவர் சொன்னபோது, நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அப்படி எண்டால் அடியில ஏன் மாறியிருக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கடலில் தானே மூழ்கி எழுந்து அளக்கும் அந்த ஆர்கோ மிதவையின் உவர்த்தன்மைத் தரவு முழுவதற்கும் எங்கள் அட்டவணையில் 4 என்று தரக்குறி இட்டேன். 4 என்றால் பயன்படுத்தக் கூடாத தரவு. 3 என்றால் பிழையானது, ஆனால் திருத்த வாய்ப்புள்ளது.

என் கேள்வி தவறானதல்ல. 1000 மீற்றர் ஆழத்தில் நீரோட்டத்தோடு அலைந்து, 10 நாட்களுக்கு ஒருமுறை 2000 மீற்றருக்கு இறங்கி, எண்ணெயை வெளிப்பைக்குள் தள்ளிக் கனவளவைப் பெருக்கிக்கொண்டு அளந்தபடியே மேலேறும் இம்மிதவையை, அளவுதிருத்தத்துக்காக யாரும் திரும்ப எடுத்துவருவது வழக்கமில்லை. ஆகவே உவர்த்தன்மை அரிதாகவே மாறும் ஆழ்நீர்தான் நமக்குள்ள உரைகல். அங்கே அது வழக்கத்தைவிட 0.02 குறைந்திருந்தது. உவர்த்தன்மையைக் கணிப்பதற்காக நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கலம் அழுக்குப் படிந்தாலும் இப்படித்தான் காட்டும்.

ஆனால் மேற்பரப்பில் குறைந்திருந்தது 0.02 அல்ல, 1க்கும் மேல். அது தை மாதம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் விரிகுடாவின் உவர் குறைந்த நீர், இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே மேற்கு நோக்கி ஓடுவதைப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். கலம் சற்றுப் பிசகியிருக்க, மேலே வந்த நீரும் உண்மையாகவே இருந்திருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவையல்ல என்பது, அன்று மாலை வெள்ளவத்தைக்குப் போகும் ரயிலில், யன்னலுக்கு வெளியே அதே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் 3 என்று மாற்றியிருக்கலாம். அறிக்கை போய்விட்டது என்பது காரணமாகாது. அது எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே சுற்றும் அறிக்கை. 3 என்று மாற்றினாலும் அந்த மிதவையின் புள்ளி அறிக்கையின் வரைபடத்தில் ஏறியிராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். எனினும் 3 இட்ட கோப்பைப் பிறகொருவர் திறந்து பார்ப்பார். 4 இட்டதை எவரும் திறப்பதில்லை. சந்தேகமான தரவை விலக்குவதே பாதுகாப்பு என்று இன்றும் நம்புகிறேன். அந்தக் கோப்பை மட்டும் இதுவரை மூன்று தடவை திறந்திருக்கிறேன்.

மிதவை அதன்பின் இருமுறை மேலே வந்தது; இரண்டிலும் மேற்பரப்பு உவர் குறைந்தே இருந்தது; அவர் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் அது ஒருங்கே பொருந்தியது. பிறகு செய்மதிக்கு எதுவும் வரவில்லை. 3 பாகைக்கு 3 பாகை பரப்புக்கு ஒரு மிதவை என்பதே ஆர்கோ வலையமைப்பின் அடிப்படைத் திட்டம் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க அயலில் வேறு மிதவையும் இருக்கவில்லை.

இப்போது ஏதாவது வளைகோடு விலகித் தெரிந்தால், அவர் அது என்ன தண்ணீர் என்று சொல்வதில்லை. “சேர், என்ன இலக்கம் போட?” என்று மட்டும் கேட்கிறார்.