அம்மாவின் லண்டன் பயணம்: ஏழு மணி நேரமா, பதினாலா?

தங்கச்சிக்கு லண்டனில் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மா கோலாலம்பூரிலிருந்து போகிறார். டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "ராத்திரி 11.30க்கு ஏறினா காலையில 6.30க்கு இறங்கிடலாம், ஏழு மணி நேரம்தானே, தீபாவளி ஜாம்ல பினாங்கு போற மாதிரிதான்" என்றார். அப்புறம் திரும்பி வரும் டிக்கெட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அங்கே இரவு 10க்கு ஏறினால் இங்கே மறுநாள் மாலை 6க்குத்தான் வந்து சேரும். "வரும்போது மட்டும் இருபது மணி நேரமாடா?"

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். கோடையில் லண்டன் நமக்கு 7 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 8. அம்மா போய் வருவது கோடையில், அதனால் போகும்போது 7ஐக் கூட்ட வேண்டும், வரும்போது கழிக்க வேண்டும். போக 14, வர 13. அம்மாவுக்கு வேளாவேளைக்குச் சர்க்கரை மாத்திரை போட வேண்டும், அதனால் இந்தக் கணக்கில் பிசகினால் சும்மா விட முடியாது.

சரி, வர மட்டும் ஏன் ஒரு மணி நேரம் குறைகிறது? விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடுகிறது. வரும்போது அது பின்னாலிருந்து தள்ளும், போகும்போது எதிர்த்து நிற்கும்.

தூரத்தையும் காட்டிவிடலாம் என்று மகளின் உலக உருண்டையை எடுத்தேன். அம்மா பூக்கட்டும் நூலில் ஒரு முழம் அறுத்துக் கொடுத்தார். ஒரு முனையை நம் விமான நிலையம் இருக்கும் சிப்பாங்கில் அவரே விரலால் அழுத்திக்கொண்டார், நான் மறுமுனையை லண்டனுக்கு இழுத்துப் பிடித்தேன். நூல் வங்கக் கடலைத் தாண்டி, டெல்லிப் பக்கமாக ஏறி, ஆப்கானிஸ்தான், காஸ்பியன் கடலின் வடக்கு, உக்ரைன் என்று போய் நின்றது. அதே நூலைப் பூமத்திய ரேகை மேல் வைத்தால் சுற்றளவில் கால் பங்குக்குச் சற்றுக் கூட, அதாவது ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர்.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் பன்னிரண்டு மணி நேரம்கூட வராது. ஆனால் விமானம் நூல் பிடித்த மாதிரி பறக்க முடியாது. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடியே கிடக்கிறது, தெற்கே சுற்றித்தான் போக வேண்டும். எதிர்க்காற்று வேறு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரம், இறங்கிய பிறகு வாசலுக்கு வந்து நிற்கிற நேரம் எல்லாம் டிக்கெட் கணக்கில் சேர்ந்ததுதான். இணையத்தில் தூரத்தை வேகத்தால் வகுத்துச் சொல்லும் நேரத்தை நம்பி யாரும் அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

எந்த மாத்திரை எப்போது என்று டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கியாகிவிட்டது. அம்மா கடிகாரத்தை மாற்ற மாட்டாராம், லண்டனில் இறங்கும் வரை கோலாலம்பூர் நேரம்தான் அவருக்கு. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, கணக்குக் குழம்பாது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே செந்தூலிலிருந்து கிளம்புகிறோம், மழை பெய்தால் ஆறரைக்கு.