கத்தாரில் கை உடைந்த பிறகு: ஒரு கடதாசிக்காகப் பட்ட பாடு

மட்டக்களப்பில் செங்கலடிப் பக்கம் எங்கட ஊர். தோஹாவில் ஸ்கெபோல்டிங், அதாவது கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற வேலை செய்தேன். பலகை விலகி மேலிருந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது. வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். கூட நின்ற நேபாளப் பொடியன் 999க்கு அடித்தான், அம்புலன்ஸ் வந்தது, ஹமத் ஆஸ்பத்திரியில் உடைந்த எலும்புக்கு உலோகப் பிளேட் வைத்தார்கள். பாடாய்ப் படுத்தியது, "வேலையில் நடந்த விபத்து" என்று ஒரு கடதாசியில் எழுத வைக்கிற வேலைதான்.

சைட்டில் எங்களை மேற்பார்க்கிற, தமிழ் தெரிந்த போமன் வார்டுக்கு வந்ததும் கையைக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, கேம்ப் படியில வழுக்கினதெண்டு சொல்லு. கொம்பனி எல்லாம் பார்க்கும்" என்றார். குரலில் நல்ல பாசம்.

அந்தப் பாசத்தின் விலை பிறகுதான் விளங்கியது. கத்தாரின் 2004ஆம் ஆண்டு 14ஆம் இலக்கத் தொழில் சட்டப்படி, வேலையில் காயப்பட்டால் வைத்தியச் செலவு முதலாளியுடையது. வைத்தியம் நடக்கும்போது ஆறு மாதம் வரைக்கும் முழுச் சம்பளம், அதற்கு மேலும் இழுத்தால் பாதிச் சம்பளம். ஊனம் மிஞ்சினால் அதன் வீதத்துக்கு நட்டஈடு. கேம்ப் எண்ட தங்குமிடத்துப் படியில் விழுந்தவனுக்கு வெறும் சுகயீன விடுமுறைதான்: இரண்டு கிழமை முழுச் சம்பளம், அடுத்த நாலு கிழமை பாதி, மறுகா ஒன்றுமில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள், போமன் ஏன் ஓடி வந்தார் என்று தெரியும்.

நான் டொக்டரிடம் சைட்டில் விழுந்ததாகவே சொன்னேன். விபத்தை உடனே பொலிசுக்கும் தொழில் அமைச்சுக்கும் அறிவிக்கவேண்டியது கொம்பனி. அறிவிக்கவில்லை. டிரைவராக இருந்த காத்தான்குடி நானா ஒருவர்தான் லீவு எடுத்து என்னைப் பொலிசுக்குக் கூட்டிப்போனார். அவருக்கு அரபு தண்ணி பட்ட பாடு. நேபாளப் பொடியன் போனில் எடுத்த படத்தில் நான் விழுந்து கிடக்கிறேன், பக்கத்தில் விலகின பலகை, பின்னால் சைட் போர்ட். பொலிஸ்காரர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

கொம்பனி சம்பளத்தை வெட்டியதும், அந்த அறிக்கையோடு இலங்கைத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்குப் போய், தொழில் அமைச்சிலும் முறைப்பாடு போட்டேன். சமரசப் பேச்சில் கொம்பனி ஆள் கேம்ப் படியில் வழுக்கின கதையை ஒருக்கா எடுத்துப் பார்த்தார். அறிக்கையைக் கண்டதும் விட்டுவிட்டார். பிடித்த சம்பளம் வந்தது.

ஊருக்கு வரும்போது மெடிக்கல் ரிப்போர்ட் ஒரிஜினல், எக்ஸ்ரே சீடி, பொலிஸ் அறிக்கை எல்லாவற்றையும் கைப்பையில் வைத்துக்கொண்டேன், லக்கேஜில் போடவேயில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை எலும்பு கிளினிக்கில் சீடியைப் பார்த்த டொக்டர் புதிதாக எதுவும் எடுக்கச் சொல்லாமல் நேரே பிசியோவுக்கு அனுப்பினார். காசு ஒரு சதம் இல்லை. காலை பஸ்ஸைப் பிடித்து நம்பர் எடுத்துக் காத்திருக்கிறதுதான் செலவு. பிசியோவில் களிமண் மாதிரி ஒரு உருண்டையைப் பிசையக் கொடுத்தார்கள். இருபது மாடிக்குக் கம்பி ஏற்றின கைக்கு அது அசையவில்லை. சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

காப்புறுதிக்குப் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த விவரம். பதிந்துவிட்டுப் போனபடியால் தப்பினேன். விசிட் விசாவில் போன என் மச்சான் காலை உடைத்துக்கொண்டு வந்தபோது இந்தக் கதவே அவனுக்குத் திறக்கவில்லை. அடுத்த சிக்கல் பொலிஸ் அறிக்கை அரபில் இருந்தது. ஏறாவூரில் ஒரு மௌலவி நின்ற நிலையில் வாசித்துச் சொல்லிவிட்டார், ஆனால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை இருந்தால்தான் கோப்பில் சேர்ப்பார்களாம். அதற்கும் அலைந்தேன்.

கோப்பு இப்போது கொழும்பில். பிளேட்டைக் கழற்றுவதா விடுவதா என்று அடுத்த கிளினிக்கில் சொல்வார்கள். அவர்கள் எழுதித் தரும் துண்டையும் ஒரு பிரதி எடுத்துக் கோப்புக்கு அனுப்பவேணும்.