ஏற்காட்டில் தேறிய இஞ்சி பீர் சேலத்தில் வெடித்தது ஏன்?

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஓர் இரவு, எங்கள் சேலம் வீட்டுச் சமையலறையில் மூன்று கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. அந்நேரத்தில் அங்கே யாரும் நிற்கவில்லை என்பதே பெரிய ஆறுதல். பரண் வரை தெறித்திருந்த கண்ணாடித் துண்டுகளை மறுநாள் மாலை வரை பொறுக்கினோம். அதே அளவில், அதே கையால், பத்து நாட்களுக்கு முன் ஏற்காட்டில் சித்தப்பா வீட்டில் நான் செய்த இஞ்சி பீரோ, மெல்ல நுரைத்து, தொண்டையில் இதமான காரத்துடன் இறங்கி, எல்லோரும் இன்னொரு தம்ளர் கேட்கும்படி அமைந்திருந்தது.

இந்தப் பழக்கத்தை எனக்குத் தொற்றவைத்தவர் மெல்போர்னில் வசிக்கும் பெரியப்பா மகன். அங்கே அவர் வீட்டிலேயே முளைகட்டிய பார்லியான மால்ட்டும், கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவும் கொண்டு பீர் தயாரிக்கிறார். ஒவ்வொரு முறையும் செய்ததை நோட்டில் எழுதி வைக்கிறார். இங்கே அதற்கு வழியில்லை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அரசு மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்த மாவட்டம் எங்கள் சேலம்தான். அந்த ஆண்டின் சட்டமே, பின்னர் பல திருத்தங்களுடன், இன்றும் வீட்டில் பீர் வடிப்பதைத் தடுக்கிறது. ஆகவே நான் அண்ணனிடமிருந்து நோட்டுப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பெயரில் மட்டும் பீரைச் சுமக்கும் இஞ்சிப் பானத்திடம் வந்து சேர்ந்தேன்.

செய்முறை எளியது. தோல் சீவாத இஞ்சியைத் துருவி, ஒரு கரண்டி இஞ்சிக்கு ஒரு கரண்டி சர்க்கரை என்று நாள்தோறும் ஒரு கிண்ணம் தண்ணீரில் சேர்த்துக் கலக்கிவர, ஐந்து முதல் ஏழு நாட்களில் இஞ்சித் தோலிலிருக்கும் ஈஸ்ட் பெருகி நுரை கட்டும். தயிருக்கு உறை ஊற்றுவதைப் போலவே இதுவும் வேலை செய்வதால் எங்கள் வீட்டில் இதை இஞ்சி உறை என்றே அழைக்கிறோம். இஞ்சியையும் சர்க்கரையையும் கொதிக்கவைத்து ஆறிய நீரில் இந்த உறையை வடிகட்டி ஊற்றி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, பாட்டிலில் அடைத்துவிட்டால் மீதியை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும்.

தொடக்கத்தில் செய்த தவறுகள் விரைவில் பிடிபட்டன. குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் உறை எழும்பவில்லை. ஓர் இரவு திறந்து வைத்த தண்ணீரில் எழும்பியது. இன்னொரு முறை, கை பொறுக்காத சூட்டிலிருந்த பாகில் உறையை ஊற்றி ஈஸ்ட்டை முழுவதும் கொன்றுவிட்டேன். இவற்றுக்கெல்லாம் காரணம் உடனே தெரிந்தது, திருத்தமும் உடனே பலித்தது.

பாட்டில் வெடித்ததற்கான காரணம் அப்படித் தெரியவில்லை. சர்க்கரை அதிகமாகிவிட்டது என்று முடிவுகட்டி, லிட்டருக்கு 60 கிராமாக இருந்ததை 50 ஆக்கினேன். கண்ணாடியை விட்டு பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறியிருந்ததால் வெடிக்கவில்லையே தவிர, மூடியைத் திருகியதும் பாதிப் பானம் கூரையைத் தொட்டது. 40 ஆக்கினேன், அப்போதும் அதே கதை, கூடவே சுவையும் சப்பென்று போயிற்று. அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "ஊத்தி வெச்ச எடத்துல எத்தனை டிகிரி இருந்துச்சுப்பா? எழுதி வெச்சியா?" எழுதியிருக்கவில்லை.

அவர் விளக்கிய பிறகுதான் என் கணக்கின் அடிப்படையே பிசகியிருந்தது புரிந்தது. பீரை அவர் பாட்டிலில் அடைக்கும்போது அதிலுள்ள, ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை முழுவதும் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். வாயுவுக்காக லிட்டருக்கு ஆறேழு கிராம் மட்டும் புதிதாகச் சேர்ப்பார், அது தீர்ந்ததும் அழுத்தம் தானாக நின்றுவிடும். இஞ்சி பீரில் அப்படியில்லை. இனிப்புக்காக நாம் விட்டுவைக்கும் சர்க்கரை அனைத்தும் ஈஸ்ட்டுக்கு உணவாகக் காத்திருக்கிறது. ஒரு கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய அரை கிராம் கரியமில வாயுவும் அரை கிராம் ஆல்கஹாலும் பிறக்கும். ஷாம்பெய்னுக்கென்றே செய்யப்படும் தடித்த பாட்டில் ஆறு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்குகிறது, அந்த அழுத்தத்தைத் தருவதற்கு லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரையே போதும் என்னும்போது, 60 கிராமை 40 ஆக்கி என்ன பயன்? பீரில் வாயுவை நிர்ணயிப்பது சர்க்கரையின் அளவு. இஞ்சி பீரில் அதை நிர்ணயிப்பது, நொதித்தலை நாம் எப்போது நிறுத்துகிறோம் என்பதுதான்.

எப்போது நிறுத்துவது என்பதை ஏற்காட்டில் காபித் தோட்டமொன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பாவிடம் கற்றேன். காபிப் பழத்தின் தோலை நீக்கிய பின் கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் வழவழப்பு கரைய, அதைத் தொட்டியில் போட்டுப் புளிக்கவைப்பார்கள். பனி கூடிய நாட்களில் அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். "மணியப் பாத்து எடுத்தா கெட்டுப்போகும் கண்ணு. ஒரு பிடி அள்ளிக் கழுவித் தேச்சுப் பாரு, கூழாங்கல்லு மாதிரி நறநறன்னு சொன்னா எடுத்துடு" என்றார். என் பாட்டிலுக்கும் அப்படியொரு கைப்பரிசோதனை வேண்டியிருந்தது.

அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றினேன். ஒரே பானையில் கலக்கிய பானத்தை, ஒரே அளவுள்ள நான்கு பிளாஸ்டிக் பாட்டில்களில் ஊற்றி, இரண்டைச் சேலத்தில் வைத்துவிட்டு, இரண்டை அன்றே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே கொண்டுபோனேன். சேலத்துச் சமையலறையில் வெப்பமானி 35 டிகிரியும், சித்தப்பா வீட்டு அலமாரியில் 22 டிகிரியும் காட்டின. சேலத்துப் பாட்டில்கள் ஒன்றரை நாளில் விரலால் அமுக்க முடியாதபடி கல்லாகிவிட்டதாக மனைவி சொன்னார். ஏற்காட்டுப் பாட்டில்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. நான் இரண்டு முறை சர்க்கரையைக் குறைத்துத் தேடிய பிழை சர்க்கரையில் இல்லவே இல்லை.

வெப்பம் இன்னொரு விதத்திலும் படுத்துகிறது. வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீர், 0 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் 0.9 லிட்டர், 30 டிகிரியில் 0.7 லிட்டருக்கும் குறைவு. அதாவது சேலத்து வெயிலில் வாயு வேகமாகப் பிறப்பது மட்டுமன்றி, பிறந்தது கரையாமல் மூடியை முட்டவும் செய்கிறது.

இந்த இடத்தில் ஹாரி மார்ஷல் வார்டு என்னும் தாவரவியலாளரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தில் இஞ்சி பீருக்கு உறையாகப் பயன்பட்ட ஜெலி போன்ற குருணைகளை ஆராய்ந்து, அவை ஓர் ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் குடித்தனம் என்று 1892இல் நிறுவியவர் அவர். அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே அவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டது காபி இலைத் துரு நோயை ஆராய்வதற்காக. சேர்வராயன் மலைக் காபித் தோட்டக்காரர்கள் இன்றும் அஞ்சும் அதே நோய். ஒரே மனிதரின் வாழ்வில் காபியும் இஞ்சி பீரும் இப்படிச் சந்தித்திருப்பதை அறிந்தபோது, சித்தப்பாவுக்கு முதலில் அதைத்தான் சொன்னேன்.

இப்போது சர்க்கரையை மீண்டும் 60 கிராமுக்கே கொண்டுவந்துவிட்டேன். கண்ணாடிப் பாட்டிலைத் தொடுவதில்லை. பிளாஸ்டிக் பாட்டிலைக் காலையும் மாலையும் அமுக்கிப் பார்த்து, விரல் பதிவது கடினமானதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். அங்கும் நொதித்தல் முற்றிலும் நிற்பதில்லை என்பதால் ஒரு வாரத்திற்குள் குடித்து முடிக்கிறோம். அதற்குள் லிட்டருக்கு ஐந்து கிராம் சர்க்கரை நொதித்திருந்தால் உண்டாகும் ஆல்கஹால் சுமார் 0.3 சதவீதமே என்றாலும், உறையோடு சிறிது வந்து சேரும் என்பதால், குழந்தைகளுக்கு இதைக் கொடுப்பதில்லை. அவர்களுக்கு எலுமிச்சைச் சாறு.

மீதமிருப்பது, ஒவ்வொரு முறையும் மலையேறாமல் சேலத்திலேயே 25 டிகிரியை எப்படிப் பெறுவது என்பது. நேற்று மாலை ஒரு பெரிய மண்தொட்டியில் ஈரமணலை நிரப்பி, அதில் ஒரு பாட்டிலைக் கழுத்து வரை புதைத்து, அதன் இணையைப் பக்கத்து மேடையில் வைத்திருக்கிறேன். இன்று காலை மணலுக்குள் 27 டிகிரி, மேடையில் 33. நோட்டில் தேதியும் மணியும் எழுதியாயிற்று. மேடையில் இருப்பது இப்போதே இறுகத் தொடங்கிவிட்டது, மணலுக்குள் இருப்பது இன்னும் நெகிழ்ந்தே இருக்கிறது.